வலவனும் வண்டியும்

கார்ப் பந்தயத்தைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சங்க இலக்கியம் கற்பித்து ஊதியம் பெறுபவர் நாம். நான்கு சக்கர வண்டி ஓட்டப் பழகியதே நாற்பதை நெருங்கியபோதுதான். எனினும், தற்செயலாகக் கண்ட ஒரு காட்சி இருபது ஆண்டுகளாக நம்மைத் தொடர்ந்து வந்து, கடைசியில் நம் சொந்த ஊரின் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

செக்குமாடு

2000-களின் தொடக்கம். கடப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கேபிள் இணைப்பு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு ஞாயிறு நள்ளிரவு. புழுக்கத்தில் உறக்கம் வராமல் விளையாட்டு அலைவரிசைகளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு பெருங்கூட்டம் ஓடியது. நாற்பத்து மூன்று கார்கள். உடலெங்கும் சோப்பு, பெயிண்டு, பியர், பிஸ்கட் விளம்பரங்கள். எல்லாம் முட்டை வடிவத் தடமொன்றில் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடின. வலப்பக்கம் திரும்பும் வளைவு என்று ஒன்றுகூட இல்லை. ஓடுகின்றன, ஓடுகின்றன, ஓடிக்கொண்டே இருக்கின்றன. அரை மணி கழித்துப் பார்த்தாலும் அதே காட்சி.

திண்ணையில் படுத்திருந்த சித்தப்பா எழுந்து வந்து சற்று நேரம் பார்த்தார். டிராக்டரும் லாரியும் பழுது பார்த்துக் காலம் கழித்தவர் அவர். "என்னடா இது, செக்குமாடு மாதிரி சுத்திச் சுத்தி வரானுங்க? எண்ணெயாவது வருமா?" என்றார். நாமும் சிரித்தோம். அமெரிக்கர்களின் செல்வச் செருக்குக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்றும் எண்ணினோம்.

ஆனால் சித்தப்பா போய்ப் படுக்கவில்லை. கார் ஒன்று பணிமனைப் பாதைக்குள் நுழைந்தது. மதிலைத் தாண்டிக் குதித்த ஏழு பேர் அதைத் தூக்கி, நான்கு சக்கரங்களையும் மாற்றி, எரிபொருள் ஊற்றி, பதினைந்து நொடிக்குள் திருப்பி அனுப்பினார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார். அதன்பின் அவர் சொல்லச் சொல்லத்தான் நமக்குக் கண் திறந்தது. ஒரு காரின் பின்னால் இன்னொரு கார் ஒட்டிக்கொண்டு போகிறதே, அது எதிர்காற்றை முன்னவனைச் சுமக்க விட்டுவிட்டுத் தான் இளைப்பாறுகிறது. லாரிக்குப் பின்னால் ஒதுங்கி வரும் பஸ்காரனுக்கும் அது தெரியும். மேலும், அப்படி இரண்டு கார்கள் ஒட்டிப் போகும்போது தனியே போகும் காரைவிட இரண்டுமே விரைவாகப் போகும். பகைவனின் துணையில்லாமல் பகைவனை முந்த முடியாத விளையாட்டு இது! இலக்கியம் படித்த நமக்கு அந்த ஒரு செய்தியே போதுமானதாக இருந்தது.

விடியற்காலை உறங்கப் போகுமுன் சித்தப்பா இன்னொன்றும் சொன்னார். "நம்ம சோழவரத்துலயும் ஓட்டுவாங்கடா. நான் பார்த்திருக்கேன். நம்ம ஷெட்டுக்கு வருமே அதே ஃபியட்டு, அதே அம்பாசடர். அதுதான் ஓடும்."

இந்தக் கட்டுரைக்கு அந்தச் சொற்றொடர்தான் வித்து.

கடைச்சரக்கு என்னும் தகுதி

'ஸ்டாக் கார்' என்பதற்குக் கடைச்சரக்குக் கார் என்று பொருள் கொள்ளலாம். பந்தயத்துக்கெனத் தனியே வார்த்தெடுத்த எந்திரம் அன்று. விற்பனைக் கூடத்தில் யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய வண்டி. இன்று ஓடுபவை அப்படிப்பட்டவை அல்ல. உள்ளே இரும்புக் குழாய்களால் பின்னிய தனிக்கூடு. வெளித்தோற்றம் மட்டுமே கடைக்காரின் சாயல். ஆயினும் பிறப்பில் அவை கடைச்சரக்கே. அந்தப் பிறப்பின் கதை நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியமானதாக இருக்காது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பில் இருந்தது. வட கரோலினா, ஜார்ஜியா, வர்ஜினியா மலைப்பகுதிகளில் காய்ச்சிய சாராயத்தை இரவோடிரவாக நகரங்களுக்குக் கொண்டு சென்ற இளைஞர்கள், சாதாரண ஃபோர்டு கார்களின் எந்திரத்தை முடுக்கிவிட்டு, சுமை தாங்கப் பின்பக்க வில்களை இறுக்கி, காவலர்களை ஏய்த்து ஓட்டினார்கள். மதுவிலக்கு நீங்கிய பின்னும் வரி ஏய்ப்புக்காக அந்தத் தொழில் தொடர்ந்தது. ஓய்வு நாளில் இவர்களுள் யார் வண்டி விரைவானது என்ற போட்டி எழுந்தது. சோளக்கொல்லை ஓரங்களில் மண் தடங்கள் தோன்றின.

இந்த ஒழுங்கற்ற கூட்டத்தை ஒரு முறைக்குள் கொண்டுவர முயன்றவர் பில் ஃபிரான்ஸ். 1947 டிசம்பரில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச் நகரத்து விடுதியொன்றில் அவர் கூட்டிய கூட்டத்திலிருந்து 1948-இல் 'நாஸ்கார்' என்னும் அமைப்பு பிறந்தது. 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில், கடைச்சரக்குக் கார்களுக்கு மட்டுமேயான அதன் முதல் பந்தயம் நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டனவே. அவர் ஓட்டியதோ சாராயம் கடத்தப் பயன்பட்ட ஃபோர்டு. சோதனையில் பின்பக்க வில்கள் கடத்தல்காரர் பாணியில் மாற்றப்பட்டிருந்தது தெரியவர, வெற்றி பறிக்கப்பட்டு ஜிம் ரோப்பருக்கு அளிக்கப்பட்டது. காரின் உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அதைத் தள்ளியது.

இந்த நிகழ்ச்சியைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். கடத்தல்காரர்களைக் கொண்டு பிறந்த விளையாட்டு, தன் முதல் நாளிலேயே கடத்தல்காரரின் தந்திரத்தைத் தள்ளுபடி செய்கிறது. ஆளை ஏற்றுக்கொண்டது, தந்திரத்தை விலக்கியது. விளையாட்டு என்று நாம் சொல்வதற்கும் வெறும் வேகத்துக்கும் இடையேயான கோடு அங்கேதான் கிழிக்கப்பட்டது.

சாலையும் மணலும்

அடுத்த செய்தி கடப்பாக்கத்துக்காரர் எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். டேடோனாவின் பழைய பந்தயத் தடம் எப்படி இருந்தது தெரியுமா? கடலையொட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி ஓடி, ஓரிடத்தில் திரும்பி, கடற்கரை மணலின்மேல் வடக்கு நோக்கி வர வேண்டும். பாதி தார்ச்சாலை, பாதி மணல். ஓதம் ஏறுமுன் பந்தயத்தை முடித்தாக வேண்டும். 1958 வரை இது நடந்தது. 1959-இல் ஊருக்குள் இரண்டரை மைல் சுற்றளவும் 31 பாகைச் சரிவும் கொண்ட பெருந்தடம் கட்டப்பட்டபோது கடற்கரை ஓட்டம் முடிவுக்கு வந்தது.

ஒரு பக்கம் கடல். அதையொட்டி ஒரு சாலை. அதில் விரைய விரும்பும் இளைஞர்கள். எங்கள் ஊரின் நிலவியலும் அதுதான்! டேடோனாவின் மணல் இறுகிக் கெட்டித்தது. எங்கள் மணல் காலை வாங்குவது. வேறுபாடு அவ்வளவே.

எங்கள் கரையின் வரலாற்றிலும் கடத்தலுக்குக் குறைவில்லை. சென்னை மாகாணம் முழுவதும் 1948-இல் மதுவிலக்கு வந்தது. புதுச்சேரியோ 1954 வரை பிரெஞ்சுக்காரர் வசம். ஒரே கரையில், சில கல் தொலைவில், ஒரு பக்கம் விலக்கு, மறுபக்கம் தாராளம். மது எந்தத் திசையில் நகர்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விலக்கு நீங்கிய பின்னும் விலை வேறுபாடு நீங்கவில்லை. இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோதனைச் சாவடிகள் வண்டிகளைத் திறந்து பார்க்கின்றன.

ஆனால் இதைப் புகழ்ந்து பாட நமக்கு மனம் வராது. 2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும் எங்கள் செய்யூர், மதுராந்தகம் வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சாராயக் கடத்தலைக் காவியமாக்குவோர், இறந்தவர்களின் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். அமெரிக்கக் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கடத்தலை அன்று. கடத்தலில் வீணான திறமைக்கு ஒரு களம் அமைக்கப்பட்டதே, அதை.

ஜூனியர் ஜான்சன் என்பவரையே எடுத்துக்கொள்ளலாம். வட கரோலினாவின் சாராயக் குடும்பத்துப் பிள்ளை. 1956-இல் தந்தையின் சாராய ஊறலில் பிடிபட்டுச் சிறையிருந்தார். வெளியே வந்து மீண்டும் பந்தயங்களில் ஓட்டினார்; அவர் பெற்ற வெற்றிகள் மொத்தம் ஐம்பது. 1965-இல் டாம் உல்ஃப் என்ற எழுத்தாளர் 'எஸ்குயர்' இதழில் அவரைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை அமெரிக்க உரைநடையில் புதிய போக்கொன்றின் அடையாளமாக நிலைபெற்றது. 1986-இல் குடியரசுத் தலைவர் ரேகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

எழுதியவர்களும் காட்டியவர்களும்

தென்மாநில மண் தடங்களின் விளையாட்டு நாடு முழுவதற்கும் உரியதான நாள் ஒன்றுண்டு: 1979 பிப்ரவரி 18. டேடோனாவின் ஐந்நூறு மைல் பந்தயத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை முதன்முறையாக நேரடியாக ஒளிபரப்பியது சி.பி.எஸ். தொலைக்காட்சி. அன்று கிழக்கு மாநிலங்களில் கடும் பனிப்பொழிவு. மக்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார்கள். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த டானி அல்லிசனும் கேல் யார்பரோவும் மோதிக்கொண்டு தடத்தை விட்டு விலக, பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி வென்றார். விலகியவர்கள் காரிலிருந்து இறங்கிக் கைகலந்தார்கள். டானியின் அண்ணன் பாபியும் வந்து சேர்ந்துகொண்டார். பனியில் அடைபட்டுக் கிடந்த தேசம் அதை வாய்பிளந்து பார்த்தது. நம் ஊர்த் திருவிழாச் சண்டையைப் போல, ஊருக்கு ஊர் அதே பேச்சு.

பதிவு என்பது மகிழ்ச்சிக்கு மட்டும் உதவுவதன்று. அநீதியைத் திருத்தவும் அது வேண்டும். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில் பந்தயத்தில் கறுப்பின ஓட்டுநர் வெண்டல் ஸ்காட் வென்றார். ஆனால் கொடி வேறொரு வெள்ளையருக்குக் காட்டப்பட்டது. சுற்றுக் கணக்கைச் சரிபார்த்து வெற்றி ஸ்காட்டுக்கே என்று பின்னர் ஒப்புக்கொண்டபோது கூட்டம் கலைந்துவிட்டது, கோப்பையும் போய்விட்டது. அவர் 1990-இல் மறைந்தார். அந்த வெற்றிக்குரிய கோப்பை 2021-இல்தான் அவர் குடும்பத்தாரிடம் முறையாக ஒப்படைக்கப்பட்டது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள்! சுற்றுக் கணக்கு ஏட்டில் இருந்ததால்தான் அந்தக் கோப்பை தாமதமாகவேனும் வீடு வந்து சேர்ந்தது.

2001 பிப்ரவரி 18 அன்று அதே டேடோனாவில், கடைசிச் சுற்றில், டேல் எர்ன்ஹார்ட் மதிலில் மோதி இறந்தார். அந்த விளையாட்டின் தலைமகன் அவர். திரையில் பார்த்தபோது மோதல் பெரிதாகவே தெரியவில்லை. அதன் பிறகு கழுத்தைக் காக்கும் பட்டை கட்டாயமாக்கப்பட்டது. மோதலின் விசையை உள்வாங்கும் மதில்கள் எழுந்தன. இதை எழுதும் நாள்வரை நாஸ்காரின் தலைமைத் தொடர்ப் பந்தயங்களில் வேறெந்த ஓட்டுநரும் உயிரிழக்கவில்லை. ஒரு சாவை எல்லோரும் பார்த்தார்கள். அதனால் பல சாவுகள் தவிர்க்கப்பட்டன. நம் சாலைச் சாவுகளைப் பார்க்கிறவர் யார் என்ற கேள்வியை இங்கே குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

சோழவரம்

இனி, சித்தப்பா சொன்ன சோழவரத்துக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைத்த விமான ஓடுதளம் போர் முடிந்தபின் வெறிச்சோடிக் கிடந்தது. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்ட பின், அந்த ஓடுதளம் பந்தயக் களமாயிற்று. வானூர்திக்குப் போட்ட சிமெண்டுப் பரப்பில் கார்கள் ஓடின. 1980-களின் இறுதிவரை, நாற்பதாண்டுக்குச் சற்றுக் குறைவாக, இந்தியக் கார்ப் பந்தயத்தின் தலைநகரம் சோழவரமே.

அங்கே தனி வார்ப்பு வண்டிகளும் ஓடின. குஜராத்தின் கோண்டல் அரசர் போன்றோர் வெளிநாட்டுக் கார்களுடன் வந்தனர். ஆனால் ஊர்மக்களின் நெஞ்சுக்கு நெருக்கமானவை உள்நாட்டில் செய்த கார்களே: ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றாவது கார் எங்கள் மாவட்டத்துப் பிள்ளை. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1961-இல் ஹெரால்டை உருவாக்கத் தொடங்கி, 1988-இல் மூடப்பட்டது. திருமணத்துக்கு மாப்பிள்ளை அழைத்துப் போகும் கார், மருத்துவர் வீட்டு வாசலில் நிற்கும் கார், அதுவே பந்தயத்தில் சீறிப் பாய்வதைக் காண்பது வேறொரு களிப்பு. 'ஸ்டாக் கார்' என்ற பெயரைக் கேள்விப்படாமலே அதன் உயிர்ப்பொருளை நம் மக்கள் அறிந்திருந்தார்கள்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அதாவது, சோழவரத்தின் முதல் இருபதாண்டு ஓட்டங்கள் நேரில் பார்த்தவரின் கண்ணில் மட்டுமே வாழ்ந்தவை. அந்தக் கண்கள் இன்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. சல்லிக்கட்டுக்குச் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' வாய்த்தது. சோழவரத்துக்கு அத்தகைய புகழ்பெற்ற நூலொன்று தமிழில் வாய்க்கவில்லை. மாட்டின் கொம்புக்கு முன் நிற்பவனின் அச்சத்தைப் பேசிய நம் உரைநடை, சக்கரத்தின் முன் அமர்ந்தவனின் அச்சத்தைப் பணக்காரர் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிட்டதோ என்னவோ. அந்த எண்ணத்தில் பாதி உண்மையும் உண்டு. அரசர்களும் ஆலை அதிபர்களும் ஓட்டினார்கள் என்பது மெய்யே. ஆனால் வண்டியின் அடியில் படுத்துக் கிடந்தவர்கள் யார்? எந்திரத்தைப் பிரித்துக் கோத்த கைகள் யாருடையவை? அவர்கள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

அதிபர்களிலும் அடியில் படுத்துக் கிடந்த ஒருவர் இருந்தார். கோவையைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன் பெருந்தொழில் குடும்பத்தில் பிறந்தும் தம் பட்டறையிலேயே பந்தயக் கார்களைக் கட்டினார். மாருதி 800 காரின் எந்திரத்தைக் கொண்டு அவர் உருவாக்கிய 'ஃபார்முலா மாருதி' வண்டிகளால், பெருஞ்செல்வர் அல்லாத இளைஞர்களும் களமிறங்க முடிந்தது. தெருவில் ஓடும் எளிய காரின் எந்திரத்திலிருந்து பந்தய வண்டி: கடைச்சரக்கை மூலதனமாக்கிய கதைதான் இதுவும். 1995-இல் சிறுவிமான விபத்தில் அவர் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சோழவரத்தின் இடத்தை 1990-இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கட்டிய புதிய தடம் எடுத்துக்கொண்டது. 3.7 கிலோமீட்டர் நீளம். எட்டாண்டு கழித்து அந்த ஊரிலேயே ஹூண்டாய் ஆலை வந்தது. மறைமலைநகரில் 1999-இல் ஃபோர்டு ஐகான் உருவானது. டேடோனாவில் ஓடும் அதே பெயர் எங்கள் மாவட்டத்து இளைஞர்களின் சீருடையில் ஏறியது. அந்த ஆலையின் கார் உற்பத்தி 2022-இல் நின்றுபோனது. உலகுக்கே கார் செய்து அனுப்பிய மாவட்டம் எங்களுடையது. அதை எப்படி ஓட்டுவது என்பதைச் சொல்லிக்கொடுக்கும் இடம்தான் அருகிவிட்டது.

ஒரு தமிழர் அங்கே

கடைச்சரக்குக் கார்களின் அந்த உலகில் ஒரு தமிழர் ஓட்டினார் என்பது பலருக்கு மறந்துபோயிருக்கலாம். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்றின் முதல் இந்திய ஓட்டுநர் ஆனார். அவர் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயனும் தென்னிந்திய ரேலியில் பலமுறை வென்றவர்.

அவ்வாண்டு ஜூன் 19 அன்று இண்டியானாபோலிசில் நடந்த பந்தயத்தில் நரேன் நான்காம் இடம் பெற்றார். ஸ்டாக் கார்கள் ஓடும் முட்டைத் தடத்தின் சரிவு வளைவு ஒன்று அந்தப் பாதையிலும் இருந்தது. அவ்வளைவைத் தம் சக்கரங்கள் தாங்கா என்று அஞ்சி, குறிப்பிட்ட நிறுவனத்தின் சக்கரங்களைப் பூட்டியிருந்த பதினான்கு கார்கள் விலகிக்கொண்டன. ஆறு கார்களே ஓடின. அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் களத்தில் நின்றவனுக்கே கணக்கு. புறத்திணை படித்த நமக்கு அது தெரியாதா?

2010-இல் அவர் நாஸ்காரின் பிக்கப் வண்டித் தொடருக்குச் சென்றார். வர்ஜினியாவின் மார்ட்டின்ஸ்வில்லில், அரை மைல் சுற்றளவே கொண்ட சிறு தடத்தில் நடந்த முதல் ஓட்டத்திலேயே பதின்மூன்றாம் இடம். உலகின் மிக நுட்பமான எந்திரங்களை ஓட்டிய கை, கத்தரிக்காய் மூட்டை ஏற்றும் வண்டியின் உருவிலிருந்த ஒன்றை, சாராயக் கடத்தல்காரர்களின் பேரன்மார் நடுவே ஓட்டியது. அவ்வாண்டு இறுதியில் அந்தத் தொடரின் மக்கள் அபிமான ஓட்டுநரை ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தபோது வென்றவர் நரேன்! அத்தொடரில் அவரது வாழ்வு அந்த ஓராண்டோடு முடிந்தது. ஆயினும், செக்குமாடு என்று சித்தப்பா சிரித்த அந்தச் சுற்றுப்பாதையில் ஒரு கொங்குநாட்டவரின் தடமும் பதிந்திருக்கிறது.

ஒரு மாணவரின் கேள்வி

இவ்வளவும் எழுதத் தூண்டியது வேறொன்று.

கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்று, 2002-இல் சுங்கச்சாலையாகத் திறக்கப்பட்டபோது நாங்கள் மகிழ்ந்தோம். சென்னை அருகில் வந்துவிட்டது. ஆனால் ஞாயிறு விடியற்காலைகளில் அந்தச் சாலைக்கு வேறொரு முகம் உண்டு. விலையுயர்ந்த மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாகச் சீறிப் போகும். அவற்றைப் பார்த்துத் தவணைக் கடனில் வாங்கிய எளிய வண்டிகளும் சீறும். மீன்கூடையுடன் சாலையைக் கடக்கும் பெண்கள் இரண்டு பக்கமும் பார்த்தால் போதாது. காதாலும் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர் இருவர் ஒரே வண்டியில் அப்படிப் போனார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார். அவரை மருத்துவமனையில் பார்க்கப் போனபோது, ஆசிரியர்கள் சொல்லும் வழக்கமான சொற்களைத்தான் நாமும் சொன்னோம். மெதுவாகப் போயிருக்கக் கூடாதா என்றோம். அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "எல்லாரும் மெதுவாப் போகச் சொல்றீங்க ஐயா. வேகமாப் போறதுக்கு ஒரு இடம் இருக்குன்னு யாரும் சொன்னதில்லையே."

நம்மிடம் விடையில்லை. இருங்காட்டுக்கோட்டை என்ற ஊரில் அதற்கான தடம் இருக்கிறது என்பதை வகுப்பில் ஒருநாளும் நாம் சொன்னதில்லை. ஒரே வகை வண்டிகளைக் கொடுத்துப் புதியவர்களை ஓட்டவைக்கும் பந்தயங்களும் அங்கே நடக்கின்றன. அங்கே கவசம் உண்டு, கொடி உண்டு, கொடி காட்டினால் வேகம் குறைக்க வேண்டும் என்ற விதி உண்டு. காத்து நிற்கும் மருத்துவ ஊர்தி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே எவரும் வரமாட்டார்.

தடம் இருந்தால் சாவு இல்லை என்று சொல்லவரவில்லை. 2023-ஆம் ஆண்டில் மட்டும் அதே இருங்காட்டுக்கோட்டையில் கார்ப் பந்தயத்தில் மூத்த ஓட்டுநர் ஒருவரும், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தார்கள். அச்சிறுவனின் சாவு, எந்த வயதில் எவ்வளவு வேகத்தை ஒப்படைக்கலாம் என்ற கடுமையான கேள்வியை விட்டுச் சென்றது. இருந்தும் அவை பதிவான சாவுகள். விசாரணைக்கும் திருத்தத்துக்கும் உட்பட்டவை. எம் மாணவரின் சாவு நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரி. அதற்கு மறுநாள் வேறு நான்கு வரி.

2024 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, நகரச் சாலையிலேயே, இரவு விளக்கொளியில் கார்ப் பந்தயம் நடந்தது. மக்கள் பணத்தில் இது தேவையா என்ற வாதம் எழுந்தது, எழ வேண்டியதுதான். நமக்குத் தோன்றிய கேள்வி வேறு. இந்தப் பளபளப்பைப் பார்த்த சிறுவர்கள் மறுநாள் காலை எங்கே ஓட்டிப் பார்ப்பார்கள்? காட்சியை நகரத்துக்குக் கொண்டுவந்தவர்கள், பயிற்சியைக் கடப்பாக்கம் போன்ற ஊர்களுக்கு எப்போது கொண்டுவருவார்கள்?

நத்தத்தனார் காட்டிய தேர்

கடப்பாக்கம் இடைக்கழிநாட்டைச் சேர்ந்தது. தமிழ் படித்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்வார்கள். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் நாடு அது. ஆற்றுப்படை என்பதே வழிகாட்டும் இலக்கியம். எயிற்பட்டினம் வழியாக, இதே கடலோரத்தில் தொடங்கி ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாதையை அது பாணனுக்குச் சொல்கிறது. எங்கள் கடற்கரைச் சாலைக்கு எழுதப்பட்ட முதல் நூல் அது என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

முல்லைக்குத் தேரீந்த பாரியை அந்நூல் நினைவுகூர்கிறது. அது எல்லோரும் அறிந்தது. இறுதிப் பகுதியில் நல்லியக்கோடன் பாணனுக்குத் தரும் தேரைப் பற்றிய வரிகளை ஆண்டுதோறும் நடத்தியும், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகுதான் அவற்றின் பொருள் நமக்கு விளங்கிற்று. தச்சர்கள் கைத்திறனைக் காட்டி முடித்த தேர் அது. ஓட்டிப் பார்த்து, நல்ல நடையுடையது என்று பெயர் வாங்கிய பிறகே பரிசாகிறது. அதில் பூட்டிய காளையோ குதிரையின் வேகத்தையும் பின்தள்ளும் வலிமையுடையது. வேகத்தை நத்தத்தனார் பழிக்கவில்லை, வியக்கிறார். ஆனால் அந்த வேகத்தை மன்னன் தனியே கொடுத்துவிடவில்லை. வலவனையும், அதாவது தேரோட்டியையும், சேர்த்தே கொடுக்கிறான்.

நாம் நம் பிள்ளைகளுக்குச் சாலையைக் கொடுத்தோம். குதிரைகளைப் பின்தள்ளும் வண்டிகளைத் தவணையில் கொடுத்தோம். தொலைக்காட்சியில் வேகத்தின் அழகைக் காட்டினோம். வலவனை மட்டும் கொடுக்க மறந்துவிட்டோம்.

சித்தப்பா இப்போது இல்லை. சோழவரத்தில் எந்த ஆண்டு, எந்தப் பந்தயத்தைப் பார்த்தார், எந்தக் கார் வென்றது என்று அவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கலாம், செய்யவில்லை. ஒரு தமிழாசிரியர் செய்திருக்க வேண்டிய எளிய வேலை அது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ சோழவரத்தை நேரில் கண்ட முதியவர் எவரேனும் இருந்தால், இந்த வாரமே அவரருகில் அமர்ந்து கேளுங்கள். அடியில் படுத்துக் கிடந்தவர்களின் பெயர்களை மறவாமல் கேளுங்கள்.

அந்த மாணவர் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். கடற்கரைச் சாலையோரம் சிறிய பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். சென்ற பருவத்தில் இருங்காட்டுக்கோட்டைக்கு மாணவர் சிலரை அழைத்துச் செல்லத் திட்டமிட்டபோது, நீங்களும் வருகிறீர்களா என்று அவரைக் கேட்டோம். உடனே விடை சொல்லவில்லை. கையிலிருந்த சங்கிலியை எண்ணெயில் தோய்த்துத் துடைத்துக்கொண்டே, "எத்தனை மணிக்கு ஐயா கிளம்பணும்?" என்றார்.